பழைய விசிடிக்கள்: வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா?

(நமது நாக்பூர் கிளையின் மாதக் கூட்டத்தில், வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மூத்த உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் மாதா மாதம் ஆன்மிகமோ ஆரோக்கியமோ பேசுவது வழக்கம். இன்று என்னை விசிடி பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சென்ற மாதம் காபி சாப்பிடும்போது என் அகத்து அலமாரி விவகாரத்தைக் காரியதரிசியிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "இது எல்லார் ஆத்திலும் இருக்கிற பிரச்னைதான் ஸார், பத்து நிமிஷம் பேசிடுங்கோ" என்று பிடித்துக்கொண்டார். ஆகவே தவறு பாதி அவருடையது, பாதி என்னுடையது.

இளையவர்களுக்காக ஒரு வார்த்தை. வீடியோ சிடி என்பது 1993ஆம் வருஷம் பிலிப்ஸ், சோனி, மாட்சுஷிடா, ஜேவிசி ஆகிய கம்பெனிகள் சேர்ந்து கொண்டுவந்த முறை. பாட்டு கேட்கும் அதே சிடியில் படத்தைச் சுருக்கி அடைப்பார்கள். ஒரு தகட்டில் சுமார் 74 நிமிஷம்தான் கொள்ளும். நம் தமிழ்ப் படம் அதற்குள் அடங்குமா? இரண்டு தகடு சாதாரணம். 'தில்லானா மோகனாம்பாள்' மாதிரி பெரிய படத்துக்கு மூன்று. கதை சூடு பிடிக்கும்போது யாராவது எழுந்து போய்த் தகட்டை மாற்ற வேண்டும். அந்தச் சமயத்தில்தான் அகத்தில் இரண்டாவது டோஸ் காபி கலப்பது.

நான் உத்தியோகத்தில் ராய்ப்பூர், ஜபல்பூர் என்று சுற்றிவிட்டு நாக்பூரில் வந்து அமர்ந்தவன். அந்த ஊர்களில் தமிழ்ப் படம் பார்ப்பது என்றால், எப்போதாவது ஞாயிறு மத்தியானம் தூர்தர்ஷன் மாநில மொழிப் படத்தில் நம் முறை வரவேண்டும். 1999ல் விசிடி பிளேயர் வாங்கிய பிறகு நிலைமை மாறியது. வருஷா வருஷம் லீவில் சென்னை போனால் ரங்கநாதன் தெருப் பக்கம் ஒரு நடை போய், பத்துப் பன்னிரண்டு படம் வாங்கி, வேஷ்டிக்குள் சுற்றி, ஜி.டி. எக்ஸ்பிரஸில் தலைமாட்டில் வைத்துக்கொண்டு வருவேன். ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டர்ஸில் இருக்கும் ஐந்து தமிழ்க் குடும்பமும் எங்கள் கூடத்தில்தான். 'காதலிக்க நேரமில்லை'யை என் பிள்ளை எத்தனை தடவை பார்த்தான் என்று கணக்கே இல்லை. அவன் தமிழ் கற்றது பாதி என் அம்மாவிடம், பாதி நாகேஷிடம்.

2007ல் மோசர் பேயர் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கொண்டுவந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். விலை அவ்வளவு இறங்கியதும் எனக்குக் கை கட்டுப்படவில்லை. இப்படிச் சேர்ந்தது 214 படம். பிறகு காலம் மாறிற்று. அந்தக் கம்பெனியே 2018ல் கலைக்கப்படும் நிலைக்குப் போய்விட்டது.

சென்ற கோடையில் அகத்துக்கு வெள்ளை அடிக்க ஏற்பாடு செய்தோம். அலமாரியையும் பரணையும் காலி செய்ய வேண்டும். என் சகதர்மிணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏன்னா, இதை நீங்க பார்க்கறேளா? இல்லை. பெட்டி ஓடறதா? இல்லை. பின்னே எதுக்கு?" பதில் சொல்ல முடியவில்லை. புணேயிலிருந்து பிள்ளை போனில், "அப்பா, எல்லாமே இப்போ நெட்ல வர்றது. தூக்கிப் போட்டுடு" என்றான். இரண்டு பேரும் ஒரே கட்சி. எனக்கோ மனசு வரவில்லை. சரி, ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று அவகாசம் கேட்டேன்.

பிளேயரின் தட்டு வெளியே வரவில்லை. சீதாபர்டியில் ஒரு ரிப்பேர்காரர் உள்ளே இருந்த ரப்பர் பெல்ட்டை மாற்றி, லென்ஸைத் துடைத்துக் கொடுத்தார். புது டிவியில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்ற பழைய மூன்று துளை இல்லை. அதற்கு நடுவில் வைக்க ஒரு சின்ன மாற்றிப் பெட்டி கடையில் கிடைக்கிறது, வாங்கி மாட்டினேன். படம் ஓடிற்று. ஆனால் முகம் தெரிந்ததே தவிர மூக்கு தெரியவில்லை!

இதன் கணக்கு எளிது. விசிடியின் ஒரு படச் சட்டத்தில் 352க்கு 288, அதாவது சுமார் ஒரு லட்சம் புள்ளிகள். டிவிடியில் நான்கு லட்சத்துக்கு மேல். இப்போதைய ஃபுல் ஹெச்டி டிவியில் இருபது லட்சத்துக்கு மேல். இருபது பேர் உட்காரும் பந்தியில் ஒருவருக்கான சாதத்தைப் பரப்பினால் எப்படி இருக்கும்? அன்று 21 அங்குல டிவியில் நன்றாகத்தான் இருந்தது. தகடு மாறவில்லை, டிவிதான் மாறிவிட்டது.

இந்த நிலையில் என் பிள்ளை சொன்னதே சரி என்று முடிவு செய்தேன். எல்லாவற்றையும் அட்டைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தேன். அடியில் கிடைத்தன 23 உறைகள். அவை சினிமா அல்ல. 2003ல் நடந்த என் பெண்ணின் கல்யாணம், பிள்ளையின் பூணூல், அண்ணாவின் சஷ்டியப்தபூர்த்தி என்று வீடியோக்காரர்கள் எழுதிக் கொடுத்த சிடிக்கள். சினிமாத் தகடோடு சேர்த்து அடுக்கிவைத்து, மறந்தே போயிருந்தோம்.

கல்யாணத்தின் இரண்டாவது தகட்டில் நலங்கு இருக்கிறது. அதில் என் அம்மா பாடியிருக்கிறாள். அம்மா 2009ல் காலமானாள். அவள் குரல் வேறு எங்கும் பதிவாகவில்லை. தகட்டைப் போட்டேன். முகூர்த்தம் முடிந்து பந்தி வரை வந்தது. அப்புறம் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. நாலு தடவை போட்டும் அதே இடம். பக்கத்தில் 28 ரூபாய் சினிமாத் தகடுகள் எல்லாம் ஜம்மென்று ஓடுகின்றன!

ஏன் இப்படி என்று விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கடையில் விற்ற சினிமாத் தகடு அச்சில் வார்த்தது. படத்துக்கான குழிகள் பிளாஸ்டிக்கிலேயே பதிந்திருக்கும். வீடியோக்காரர் கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுத்தது அப்படி அல்ல. அதில் ஒரு சாயப் பூச்சு இருக்கிறது. லேசர் ஒளி அந்தச் சாயத்தில்தான் எழுதுகிறது. வெயில், வெப்பம், ஈரம் எல்லாம் நாளடைவில் சாயத்தைக் கெடுக்கும். நான் வைத்திருந்த இடம், நாக்பூர் கோடையில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் பரண்! போதாததற்குப் பெயர் எழுதும் பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி "கல்யாணம் 2" என்று எழுதியவனும் நானே. சிடியில் மென்மையான பக்கம் அடிப்பக்கம் என்று நினைக்கிறோம். உண்மையில் விவரம் இருக்கும் அடுக்கு மேல் பக்கத்து லேபிளுக்கு அடியில்தான், மெல்லிய பூச்சுக்குக் கீழே இருக்கிறது. அங்கே கீறினால் மீட்க வழியில்லை.

இன்னொன்று. சாதாரண கம்ப்யூட்டர் சிடியில் எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள்ளக் கொஞ்சம் இடம் ஒதுக்குவார்கள். விசிடியில் அந்த இடத்தையும் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். அதனால் கீறல் வந்தால் திருத்திப் படிக்கும் சக்தி குறைவு. ஒரு டிரைவில் படிக்காதது இன்னொரு டிரைவில் சில சமயம் படிக்கும். அதையும் முயன்றேன். நலங்கு வரவில்லை.

கடைசியில் என் பெண்தான் யோசனை சொன்னாள். கோயம்புத்தூரில் சம்பந்தி அகத்துக்கும் அதே வீடியோக்காரர் ஒரு செட் கொடுத்திருந்தார். சம்பந்தி மாமி அதை இரும்பு பீரோவில், பட்டுப் புடவைக்கு நடுவில் வைத்திருந்தார்! மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பினார். நலங்கு பதினோரு நிமிஷம். இரண்டு இடத்தில் குரல் அறுந்து போகிறது. மற்றபடி அம்மா பாடுகிறாள். அண்ணாவின் சஷ்டியப்தபூர்த்தித் தகடு மட்டும் எந்த மெஷினிலும் வரவில்லை. அதற்கு இரண்டாவது பிரதி இல்லை. போனது போனதுதான்.

அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. நான் இவ்வளவு நாள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியே தப்பு. "இது பழசா, புதுசா? இந்த மெஷின் இனி வருமா?" என்று கேட்டேன். கேட்க வேண்டியது, "இதற்கு வேறு எங்காவது பிரதி இருக்கிறதா?" என்பதுதான். அதைக் கேட்டதும் அலமாரி தானாகவே பிரிந்துவிட்டது.

முதலில், வேறு பிரதி இல்லாத குடும்பத் தகடுகள். இவற்றுக்கு ஒரு நாள்கூடத் தாமதம் கூடாது. மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கம் நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். இப்போதைய லேப்டாப்பில் டிரைவ் இருக்காது. யுஎஸ்பியில் செருகும் வெளி டிரைவ் கிடைக்கிறது. தகட்டில் 'எம்பெக்ஏவி' என்ற ஃபோல்டருக்குள் 'டாட்' என்று முடியும் ஃபைல்தான் படம். அதை அப்படியே காப்பி செய்தால் விஎல்சி பிளேயரில் ஓடும். இரண்டு பிரதி எடுத்து, இரண்டு வேறு ஊரில் வையுங்கள். ஹார்டு டிஸ்க்கும் ஒரு நாள் நிற்கக்கூடியதே.

அடுத்து, சினிமாவில் வேறு எங்கும் கிடைக்காதவை. ஒவ்வொரு பெயராகத் தேடினேன். 12 படங்கள் எனக்கு அகப்படவில்லை. இது அலட்சியமாக விடும் விஷயம் அல்ல. தமிழின் முதல் பேசும் படமான 1931ஆம் வருஷத்துக் 'காளிதாஸ்' இன்று பிரதி இல்லாமல் போய்விட்ட படம். என் தகடு மூலப் பிரதி அல்ல, மங்கலான நகல்தான். இருந்தாலும் அந்தப் பன்னிரண்டையும் காப்பி செய்து வைத்திருக்கிறேன்.

மூன்றாவது, நல்ல பிரதி தாராளமாகக் கிடைப்பவை. 154 படம். ஒரு எச்சரிக்கை: நெட்டில் இன்று இருக்கும் படம் உரிமை முடிந்ததும் நாளை காணாமல் போகலாம். மனசுக்கு மிகவும் வேண்டியதென்றால் டிவிடியாக வாங்கி வைத்துக்கொள்ளலாம். மற்றதை விடத்தான் வேண்டும். பழைய பிளேயர் இன்னும் ஓடும் இரண்டு அகங்களுக்குக் கொஞ்சம் கொடுத்தேன். மீதி மின்கழிவு வாங்குபவரிடம் போயிற்று. தயவுசெய்து கொளுத்தாதீர்கள், அந்தப் புகை ஆகாது. பால்கனியில் புறா விரட்டக் கட்டித் தொங்கவிட்டதும் உண்டு. நாக்பூர் புறாக்கள் அதில் முகம் பார்த்துக்கொள்கின்றன.

நான்காவது, வெட்கத்தோடு சொல்கிறேன், நடைபாதையில் வாங்கிய திருட்டுப் பிரதிகள் 31. அவற்றை யாருக்கும் கொடுக்கவில்லை, உடைத்துப் போட்டேன்.

கூட்டிப் பார்த்தவர்கள் இன்னும் 17 குறைகிறதே என்று கேட்பீர்கள். அவை பாசத்துக்காக. சகதர்மிணி ஒரு தட்டு இடம் அனுமதித்திருக்கிறாள். அதில் 'காதலிக்க நேரமில்லை'யும் இருக்கிறது. நெட்டில் இதைவிடப் பளிச்சென்று வருகிறது, தெரியும். பேரன் வந்தால் தகட்டை மாற்ற நான்தான் எழுந்திருக்க வேண்டும் என்று ஓர் ஆசை.

என் வேண்டுகோள் ஒன்றே. இன்று அகத்துக்குப் போனதும் சினிமாவைத் தேடாதீர்கள். கையெழுத்து போட்ட தகடு எங்கே என்று தேடுங்கள். உங்களிடம் ஓடாவிட்டால் சம்பந்தி அகத்துக்கு, மன்னி அகத்துக்கு, அத்தை அகத்துக்குப் போன் செய்யுங்கள். வெளியூர்க் கிளை அன்பர்களும் இதைத் தங்கள் கூட்டத்தில் சொல்லலாம். இங்கே இருப்பவர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு உங்கள் தகட்டைக் கொண்டு வாருங்கள். என் டிரைவையும் பிளேயரையும் நான் கொண்டுவருகிறேன். காபி காரியதரிசி பொறுப்பு.