வளர்ப்புப் பாம்பின் பேணலும் பிணியும்



பாம்பை வீட்டில் வளர்ப்பதைப் பற்றியும் ஒரு பேச்சா என்று சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். ஆனால், நாய், பூனை, கிளி என்ற அளவில் நின்றிருந்த நம் நகரத்து வீடுகளில், அண்மைக் காலமாக அயல்நாட்டுப் பாம்புகளும் கண்ணாடிப் பெட்டிகளில் குடியேறி வருகின்றன. தில்லி, மும்பை, பெங்களூரு ஆகிய நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. கொண்டு வருபவர் பெரும்பாலும் கல்லூரியில் பயிலும் மகனோ மகளோதான். சில மாதங்கள் சென்றபின் படிப்பின் பொருட்டு அவர் வெளியூர் போய்விட, பாம்பின் காவற்பொறுப்பு தாய் தந்தையர் தலையில் வந்து இறங்குகிறது. இப்பேச்சு முதன்மையாக அத்தகைய பெற்றோரை முன்னிறுத்தியே அமைந்தது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். நம் நாட்டுக் காடுகளிலும் வயல்களிலும் வாழும் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வைத்திருப்பது, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். நல்ல பாம்பு மட்டுமன்று. நஞ்சற்ற சாரையும், மலைப்பாம்பும், பணம் தரும் என்ற மூடநம்பிக்கையால் கள்ளத்தனமாக விற்கப்படும் மண்ணுளிப் பாம்பும் இச்சட்டத்தின் காப்பில் உள்ளவை. அயல்நாட்டுப் பாம்புகளைப் பொறுத்தமட்டில், பன்னாட்டு வாணிப உடன்படிக்கையின் பட்டியல்களில் இடம்பெற்ற இனங்களை வைத்திருப்போர் பதிவு செய்தாக வேண்டும் என்று 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் விதித்தது. அதற்குரிய விதிகள் 2024இல் வெளியாயின. கைமாற்றம், குட்டி ஈனுதல், இறப்பு ஆகியவற்றையும் தெரிவித்தல் வேண்டும். விற்பவர் வாய்மொழியாக "எல்லாம் சரியாக இருக்கிறது" என்றால் அது ஆவணம் ஆகாது. தாள் கையில் வந்த பின்னரே பாம்பு கையில் வரட்டும்.

இந்நாட்டில் மிகுதியாக வளர்க்கப்படுவது மேற்கு ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பு. அச்சமுற்றால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்து போலச் சுருள்வதால் இப்பெயர் பெற்றது. கானா, டோகோ, பெனின் ஆகிய நாடுகளின் புல்வெளிகளே இதன் தாயகம். வளர்ந்த பின்னும் மூன்று முதல் ஐந்து அடிக்கு மேல் நீளாது, நஞ்சில்லை, இயல்பில் சாது. மேலே குறித்த பதிவுக்கு உட்பட்ட இனம் இது. நாம் இனிச் சொல்பவை யாவும் இதனையே கருதியவை.

வாங்குமுன் எண்ண வேண்டியது இதன் ஆயுள். நன்கு பேணப்பட்டால் இருபது முப்பது ஆண்டுகள் உயிர் வாழும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிச்சாலையில் அறுபது வயது கடந்த பந்து மலைப்பாம்பு ஒன்று 2020ஆம் ஆண்டில் முட்டையிட்டது. மூன்றாண்டுக்கு ஒரு முறை மாற்றல் உத்தரவை எதிர்பார்த்து வாழும் அரசு ஊழியர் குடும்பங்கள் இதனைச் சற்று ஆற அமர எண்ணிப் பார்ப்பது நலம். மகன் வாங்கிய பாம்பு, பேரன் பள்ளிக்குப் போகும் நாளிலும் பெட்டிக்குள் இருக்கக்கூடும்.

இனி வீடு. பாம்பு தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாத பிராணி. வெயிலில் கிடந்து சூடேற்றிக்கொள்ளும். நிழலில் ஒதுங்கித் தணித்துக்கொள்ளும். பெட்டிக்குள்ளும் இவ்விரு வாய்ப்பும் இருத்தல் வேண்டும். ஒரு கோடியில் ஏறக்குறைய 31, 32 டிகிரி செல்சியஸ். மறு கோடியில் 25 முதல் 27 டிகிரி. இரு புறமும் உடலை ஒட்டினாற்போல் புகுந்துகொள்ள ஒவ்வொரு மறைவிடம். கவிழ்த்த மண்சட்டியின் விளிம்பைத் தட்டி வாசல் செய்தாலும் போதும். விளிம்பின் கூரை மட்டும் நன்கு தேய்த்துவிடுக. மறைவிடமில்லாத பாம்பு ஓயாத அச்சத்திலேயே இருக்கும். அச்சத்திலிருக்கும் பாம்பு உண்ணாது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 55 முதல் 65 வரை இருப்பது ஏற்றது.

இவ்வெண்கள் எளியவை போலத் தோன்றினும், நாம் வாழும் ஊர்கள் அவற்றை எளிதில் தருவதில்லை. தில்லியில் சனவரி மாத இரவில் வெளியே ஐந்து டிகிரிக்கும் கீழே இறங்குகிறது. மே மாதப் பகலில் 45ஐத் தொடுகிறது. குளிர்காலத்தில் பெட்டியின் அடியில் வெப்பத் தகடும், அதனைக் கட்டுப்படுத்தும் வெப்பநிலைக் கருவியும் இன்றியமையாதவை. கட்டுப்பாட்டுக் கருவியின்றித் தகட்டை மட்டும் பொருத்தினால், அடிவயிறு வெந்து புண்ணாகும் வரை பாம்பு அதன்மேலேயே படுத்திருக்கும். கோடையிலோ சூடேற்றுவதை நிறுத்திவிட்டு, வீட்டிலேயே குளிர்ந்த அறையில், தரை மட்டத்தில் பெட்டியை வைக்கவும். 35 டிகிரிக்கு மேல் நீடித்த வெப்பம் பாம்புக்கு ஆபத்து. மும்பையிலும் கொல்கத்தாவிலும் இடர் வேறு வகை: மழைக்காலத்து ஈரம். அங்கே காற்றோட்டமே மருந்து.

புதிதாக வந்த பாம்பை முதல் வாரம் தொடாதீர்கள். அக்கம்பக்கத்தார் காண வருவார்கள். குழந்தைகள் கையில் எடுக்கத் துடிப்பார்கள். பெட்டியின் மேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டு, தண்ணீர் மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டில் முன்னரே வேறு பாம்பு இருப்பின், புதியதை இரண்டு மூன்று மாதமேனும் வேறு அறையில் ஒதுக்கி வைத்தல் வேண்டும். இதனை ஆங்கிலத்தார் குவாரண்டைன் என்பர்; கொள்ளைநோய்க் காலத்தில் வெனிஸ் நகரத்தார் கப்பல்களை நாற்பது நாள் ஒதுக்கி நிறுத்தியதால் வந்த சொல். சொற்களோடு மல்லுக்கு நிற்பது நம் தொழிலாதலால் இதைச் சொல்லாதிருக்க முடியவில்லை. பாம்புக்கு நாற்பது நாள் போதாது என்பதே இங்கு நினைவிற்கொள்ளத் தக்கது.

உணவைப் பற்றிப் பேசுமுன் பாலைப் பற்றிப் பேச வேண்டும். வடநாட்டில் நாகபஞ்சமியன்றும், நம் பக்கத்தில் நாகசதுர்த்தியன்றும் பாம்புக்குப் பால் வார்க்கும் வழக்கம் உண்டு. வழிபாட்டைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. எனினும் பாம்பின் குடலுக்குப் பாலைச் செரிக்கும் ஆற்றல் இல்லை என்பது உறுதி. பட்டினியும் தாகமுமாக வைக்கப்பட்ட பாம்பே வேறு வழியின்றி அதனைக் குடிக்கிறது, குடித்தபின் நோயுறுகிறது. ஊரிலிருந்து வரும் பாட்டிமார் அன்பு மிகுதியால் கிண்ணத்தில் பாலை ஊற்றிவிடுவதுண்டு, பணிவோடு தடுத்துவிடுங்கள்.

இதன் உணவு எலி. பாம்பின் உடலில் மிகப் பருத்த பகுதியின் சுற்றளவுக்கு மேற்படாத எலியை, குட்டிப் பாம்புக்கு ஐந்து முதல் ஏழு நாளுக்கொரு முறையும், வளர்ந்ததற்குப் பத்து முதல் பதினான்கு நாளுக்கொரு முறையும் தரலாம். உறையவைத்துப் பின்னர் உருக்கி வெதுவெதுப்பாக்கிய எலியே சிறந்தது. உயிருள்ள எலி பாம்பைக் கடித்துக் குதறிய நிகழ்ச்சிகள் பல. வீட்டு மூலையில் பிடித்த எலியைக் கொடுப்பதோ முற்றிலும் தவறு: அது எலிமருந்தைத் தின்றிருக்கக்கூடும். சைவ உணவே சமைக்கும் வீட்டில், குளிர்ப்பெட்டியில் எலிக்கு இடம் தர இல்லத்தரசி இசைவாரா என்பதையும் முன்கூட்டியே கேட்டு வைப்பது குடும்ப அமைதிக்கு உகந்தது. உண்டபின் இரண்டு நாள் பாம்பைக் கையாளலாகாது. உண்டதைக் கக்கிவிட்டால் உடனே மறுபடியும் ஊட்டாதீர்கள். பத்துப் பதினான்கு நாள் பொறுத்து, சிறிய எலியாகக் கொடுங்கள். மீண்டும் கக்கினால் வைத்தியரிடம் செல்லவும்.

பெற்றோரைப் பெரிதும் கலங்கச் செய்வது பாம்பின் உண்ணாநோன்பு. வளர்ந்த பந்து மலைப்பாம்பு குளிர்காலத்தில் இரண்டு மூன்று மாதம் ஒன்றும் தின்னாமலிருப்பது இயல்பே. இயல்பான மறுப்பையும் நோயால் வந்த மறுப்பையும் வேறுபடுத்தி அறிய வழி, தராசுதான். சமையலுக்கு உரியதன்றித் தனியாக ஒரு சிறு தராசு வாங்கி, வாரந்தோறும் எடையைக் குறித்து வாருங்கள். தின்ற நாள், சட்டை உரித்த நாள், மலங்கழித்த நாள் ஆகியவற்றையும் அதே ஏட்டில் எழுதுங்கள். கோப்பு எழுதிப் பழகிய கைகளுக்கு இது பெரிதன்று. எடை குறையாமலிருந்தால் அச்சம் வேண்டா. பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் காத்திருத்தல் கூடாது.

நோய்களுள் மிகுதியாகக் காண்பதும், கவனியாவிட்டால் உயிரைக் குடிப்பதும் நுரையீரல் அழற்சி. பாம்புக்கு நம்மைப் போல உதரவிதானம் இல்லை. ஆகவே, மார்பில் கட்டிய சளியை இருமி வெளியேற்றும் ஆற்றலும் இல்லை. தில்லிக் குளிரில் ஓரிரவு மின்சாரம் நின்று, பெட்டி சில்லிட்டுப்போனால் போதும். உடல் குளிர்ந்த பாம்பின் நோய் எதிர்ப்பு ஆற்றலும் தளர்ந்துவிடுகிறது. கிருமிகள் இடம் பிடிக்கின்றன. மூச்சு விடும்போது சீழ்க்கை போன்ற ஒலி, மூக்கிலோ வாயோரத்திலோ குமிழி, வாயைத் திறந்தே வைத்திருத்தல், தலையை மேல்நோக்கித் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்குதல் என்பவை அறிகுறிகள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் நாள் கடத்தாமல் வைத்தியரை அடைய வேண்டும். செல்லும் வரையில் பெட்டியின் வெப்பத்தைப் பாம்புக்கு உகந்த அளவின் மேல் எல்லையில் வைத்திருங்கள். சூடின்றி எந்த மருந்தும் பாம்பின் உடலில் செவ்வனே வேலை செய்யாது. நுண்ணுயிர்க்கொல்லி ஊசியை வைத்தியர் உடலின் முன்பாதியில் போடுவார். பின்பாதியில் போட்டால் மருந்து உடல் முழுதும் பரவுமுன் சிறுநீரகத்தைச் சென்றடையக்கூடும் என்பது காரணம். மனிதருக்கு எழுதிய மாத்திரையை நுணுக்கிக் கொடுக்கும் வேலை வேண்டா. பாம்பிருக்கும் அறையில் சாம்பிராணிப் புகையும் கொசுவத்தியும் ஆகா. அப்புகை மூச்சுக்குழலை உறுத்தும்.

அடுத்தது சிற்றுண்ணி. கசகசா அளவிலான கருநிறப் பூச்சிகள் கண்ணோரத்திலும் தாடையின் மடிப்பிலும் ஒட்டி இரத்தத்தை உறிஞ்சும். பாம்பு எந்நேரமும் தண்ணீர்த் தொட்டியிலேயே கிடந்தால் ஐயுறுங்கள். வெள்ளைத் தாளை விரித்து வைத்தால் ஊர்வது கண்ணுக்குத் தெரியும். பெட்டியிலுள்ள மரத்தூள் முதலிய படுக்கையை எறிந்துவிட்டு, வெந்நீரால் கழுவி, தாளை மட்டும் விரித்துப் பல வாரம் ஓயாமல் துப்புரவு செய்வதே சிகிச்சையின் பாதி. மறு பாதியான மருந்தை வைத்தியர் அளந்து தரட்டும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தை மனம்போனபடி தெளித்துப் பாம்பை இழந்த குடும்பம் ஒன்றை நாம் அறிவோம். ஐவர்மெக்டின் என்னும் மருந்து, வீட்டில் ஆமையும் இருந்தால், அதன் அருகிலேயே போகக் கூடாது; ஆமைக்கு அது எமன்.

சட்டை ஒரே உறையாகக் கழல வேண்டும். துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டால் காற்றில் ஈரம் போதவில்லை என்று பொருள். தில்லியின் வறண்ட மாதங்களில் இது சாதாரணம். 28 முதல் 30 டிகிரி வெதுவெதுப்பான, ஆழமற்ற நீரில் கால்மணி நேரம் விட்டு, ஈரத் துணிக்கிடையே ஊர்ந்து செல்ல விடுங்கள். அருகிலேயே இருங்கள். கண்ணின் மேல் ஒட்டிய தோலை மட்டும் நகத்தாலோ இடுக்கியாலோ பெயர்க்க முயலாதீர்கள், பார்வை போய்விடும். அடுத்த உரிப்பிலும் கழலாவிட்டால் வைத்தியர் கை வைக்கட்டும். இதற்கு நேர்மாறாக, எந்நேரமும் நனைந்த படுக்கையில் கிடந்தால் அடிவயிற்றுச் செதில்களில் கொப்புளமும் அழுகலும் உண்டாகும். வாயின் ஈறு சிவந்து, தயிர்போன்ற சீழ் கட்டுவது வாயழற்சி. மஞ்சள் தடவி ஆற்றிவிடலாம் என்று எண்ண வேண்டா. தலையை வானோக்கி முறுக்கி நிலைதடுமாறும் பாம்பு நரம்புப் பிணி உற்றது. பிற பாம்புகளிடமிருந்து உடனே பிரித்து விடுங்கள்.

பாம்புக்கு வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவர் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. பாம்பை வாங்குமுன்னரே, அண்மையிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரித்து முகவரியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நம் உடல்நலத்தையும் மறக்கலாகாது: நோயில்லாத பாம்பின் குடலிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். பெட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கருவுற்ற மகளிர், முதியோர் ஆகியோரைத் தள்ளி வையுங்கள்.

கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும்போது வளர்ந்த பாம்பு இரண்டு வாரம் உணவின்றியிருக்கும். தண்ணீரையும் வெப்பத்தையும் நாள்தோறும் பார்க்க ஒருவர் வேண்டும். இனி வளர்க்க இயலாது என்ற நிலை வந்தால், யமுனைக் கரையிலோ புறநகர்க் காட்டிலோ விட்டுவிடுவது இரக்கமன்று. குளிரில் அது சாகும். சாகாவிட்டால் இன்னும் கேடு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், வளர்த்தவர்கள் விட்டனவும் தப்பியோடினவுமான பர்மிய மலைப்பாம்புகள் பெருகிச் சதுப்புநிலத்துச் சிறுவிலங்குகளை வெகுவாகக் குறைத்துவிட்டன. அவற்றைத் தேடிப் பிடிக்க உதவுமாறு 2017இல் அங்கு அழைக்கப்பட்டவர்கள், நம் செங்கற்பட்டுப் பக்கத்து இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும். 2023இல் அவ்விருவரும் பத்மஸ்ரீ விருது பெற்றார்கள்.

ஆகவே, வளர்க்க இயலாதவர் மாநில வனத்துறையை அணுகி, பதிவுத் தாளோடு முறைப்படி ஒப்படைக்கலாம். அல்லது பேணத் தெரிந்த வேறொருவருக்குக் கைமாற்றி, அதனைத் தெரிவிக்கலாம். மாற்றலாகி உடன் கொண்டு செல்வோர், புறப்படுமுன் ஒரு வாரம் உணவை நிறுத்தி, மெல்லிய பருத்திப் பையில் இட்டு வாய் கட்டி, துளையிட்ட பெட்டிக்குள் வைக்கவும். புதிய வீட்டில் சாமான்களைப் பிரிக்குமுன் பாம்பின் பெட்டியை நிலைநிறுத்தி, வெப்பம் சரியாக நிற்கிறதா என்று பார்த்த பின்னரே பையின் கட்டை அவிழ்க்க வேண்டும்.