பவுத்திரமும் அதன் ரண சிகிச்சையும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி நிதி, மாணவர் விடுதி, கலியாணச் செலவு ஆகிய விஷயங்களைப் பற்றியே இம்மேடையில் நாம் பெரிதும் பேசி வருகின்றோம். இன்று எடுத்துக்கொண்டதோ, நால்வர் கூடிய இடத்தில் சொல்லக் கூசும் ஒரு நோயைப் பற்றியது. அக்கூச்சத்தினாலன்றோ அந்நோய் நம் வீடுகளில் வருஷக்கணக்காக ஒளிந்து வாழ்கின்றது! ஆதலின் முகஞ் சுளியாது கேட்டருளுமாறு வேண்டுகின்றோம்.

பவுத்திரம் என்பது யாது? ஆசனவாயின் உட்புறத்தே சிறு சுரப்பிகள் சில உள. அவற்றுள் ஒன்று அடைபட்டுச் சீழ் கொண்டால் கட்டி எழும். அக்கட்டி தானே உடைந்தோ, வைத்தியர் கீறியோ வடிந்த பின்னும், சிலருக்கு உள்ளிருந்து வெளித்தோல் வரை ஒரு புரை நின்று விடுகின்றது. அதுவே பவுத்திரம். கட்டி கண்டவருள் பலருக்கு இவ்வாறு நேர்கின்றது. வடமொழியில் இதனைப் பகந்தரம் என்பர். சுசுருதர் பெயரால் வழங்கும் தொன்மையான ஆயுர்வேத நூல் இந்நோயின் வகைகளையும் அதனை அறுக்கும் முறைகளையும் கூறுகின்றது.

நம்மவர் அவ்விடத்தில் எது வரினும் மூலம் என்று பெயரிட்டு, கருணைக்கிழங்கும் துத்திக்கீரையும் உண்டு காலம் போக்குகின்றனர். மூலம் வேறு, பவுத்திரம் வேறு. மூலம் இரத்தக் குழாய்களின் வீக்கம். இது சீழ் வடியும் புரை. மருந்தினால் சீழ் சின்னாள் அடங்கலாம்; புரை தானே அடைபடுவது அரிது. இந்நோய் உடற்சூட்டினாலும் தெய்வ குற்றத்தினாலும் வந்ததன்று. தொட்டால் தொற்றுவதுமன்று. பெண் கொடுக்கவும் கொள்ளவும் தடையாகுமோவென்று அஞ்சி மறைக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. மறைத்து வைத்த ஒற்றைப் புரை, கிளை விட்டு இரண்டு மூன்றாகப் பெருகவுங் கூடும். அப்பொழுது சிகிச்சையும் கடினமாகின்றது.

இந்நோய்க்கு அரசனென்றும் ஆண்டியென்றும் பேதமில்லை. பிரான்சு தேசத்து மன்னன் பதினான்காம் லூயிக்கு இந்நோய் கண்டு, 1686 நவம்பர் 18 ஆம் நாள் பெலிக்ஸ் என்னும் ரண வைத்தியர் சஸ்திரம் செய்தார். அதற்கு முன் அவர் பல மாதம் பிறரிடம் செய்து கை பழகினார். அம்மன்னனுக்கும் ஒரே முறையில் முடியவில்லை. மறுபடியும் கத்தி வைக்க நேர்ந்தது. பின்னர் குணமடைந்து 1715 வரை அரசாண்டான். மயக்க மருந்தே இல்லாத அக்காலத்தில் ஒருவன் தாங்கியதை, வலியறியாது செய்துகொள்ளும் இக்காலத்தில் நாம் அஞ்சி ஒதுக்குதல் தகுமோ?

இனி, சிகிச்சைக்குச் செல்வோர் அறிய வேண்டியவற்றைச் சொல்லுவோம். மலத்தை அடக்கிக் காப்பது ஆசனவாயைச் சுற்றியுள்ள சுருக்குத் தசை. புரை அத்தசையை எவ்வளவு ஊடுருவிச் செல்கின்றது என்பதே முதற் கேள்வி. இதனை வைத்தியர் விரலாற் சோதித்தும், சிக்கலான நோயில் எம்.ஆர்.ஐ. படம் எடுத்தும் தெளிவார். நீரிழிவு, காசநோய், குடல் அழற்சி ஆகியவை உண்டாவென்றும் பார்ப்பார். புரை மேலாக இருந்தால் அதனைத் திறந்து விட்டாலே போதும். ஆழமாயின் தசையை அறுத்தல் ஆபத்து. ஆதலால் புரையினுள் நூல் கோத்துச் சில வாரமோ சில மாதமோ விட்டுவைப்பதும், இரு தசைகளுக்கும் இடையே புரையைக் கட்டி அறுப்பதும் போன்ற முறைகளைக் கையாளுவர். நமது நாட்டு முறையான கார நூல், கள்ளிப்பாலும் நாயுருவிக் காரமும் மஞ்சளும் பலமுறை பூசி உலர்த்தியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1991 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இந்நூலிட்டவர்க்கு ரணம் ஆற நாட்கள் மிகுதியாயினும் நோய் மீள்வது குறைவென்று கண்டனர். ஆனால் அது பயின்ற வைத்தியர் கையில் மட்டுமே செய்யத்தக்கது. பஸ் நிலையச் சுவர்களில் "ஆபரேஷன் இன்றிக் குணம்" என்று விளம்பரம் செய்து, இன்னதென்று சொல்லாமல் ஊசியும் காரமும் வைப்போரிடம் உடலை ஒப்படையாதீர். "தசையில் எவ்வளவு அறுபடும்? மலம், வாயு அடக்குதலில் குறை நேருமா?" என்று முன்னரே கேட்பது நோயாளியின் உரிமை.

சஸ்திரம் பெரும்பாலும் முதுகுத்தண்டில் ஊசியிட்டு மரத்துப்போகச் செய்து நடைபெறும். எளிய புரையாயின் அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம். முதல் நாளில் சிறுநீர் பிரியாது தடைபடலாம். உடனே ஆஸ்பத்திரியாரிடம் சொல்லுக.

வீட்டார் அஞ்சுவது இனித்தான். புண்ணைத் தைக்காமல் திறந்தே விட்டிருப்பர். "தையல் போடாமல் அனுப்பிவிட்டார்களே" என்று கலங்குவர். அது மறதியன்று. ரணம் அடியிலிருந்து மேல்நோக்கி ஆற வேண்டும். மேல்வாய் முந்தி மூடிக்கொண்டால் உள்ளே மீண்டும் சீழ் தங்கும். ஆதலால் சில வாரம் நீரும் சிறிது இரத்தமும் கசிவது இயல்பே. எளிய புண் நான்கு முதல் ஆறு வாரங்களில் ஆறலாம், ஆழ்ந்தது மாதக்கணக்காகும். முதன்முறை மலங்கழிக்கையில் வலி மிகும். வைத்தியர் தந்த வலி மருந்தையும் மலமிளக்கியையும் தவறாது உட்கொள்க. நாள்தோறும் இரண்டு மூன்று முறையும், மலங்கழித்த பின்னரும், இளஞ்சூடான வெந்நீர்த் தொட்டியில் பத்து நிமிஷம் அமர்க. பின்பு ஒற்றித் துடைத்துப் புதிய கட்டு வைக்க. நாற்காலி வேலை செய்வோர் ஓரிரு வாரத்தில் திரும்பலாம். மூட்டை தூக்குவோர் வைத்தியர் உத்தரவின்றித் தொடங்கலாகாது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பத்தியம் என்று வெறும் ரசஞ்சோறே போடாதீர். மலம் இறுகிப் புண் கிழியும். கீரை, காய், பழம், தவிடு நீக்காத தானியம், நிறைந்த தண்ணீர் இவையே இந்நோய்க்குப் பத்தியம். நோயாளி மருமகளாயின், அவளை மறுவாரமே குனிந்து நிமிரும் வேலைக்கு ஏவாதிருப்பதும் அப்பத்தியத்தில் சேர்ந்ததே.

காய்ச்சல், நாளுக்குநாள் மிகும் வலி, புதிய வீக்கம், நில்லாத இரத்தப் பெருக்கு, சிறுநீர் அடைப்பு இவற்றில் ஒன்று கண்டாலும் தாமதியாது ஆஸ்பத்திரிக்குச் செல்க. நன்கு ஆறியபின்னும் சிலருக்கு நோய் மீளுவதுண்டு. அது நோயாளியின் குற்றமன்று. மறுமுறை காட்டுவதில் நாணமும் வேண்டா.

முடிவாக நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். இச்சிகிச்சை அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் நடைபெறுகின்றது. பணமில்லையென்று வாளாவிருக்க வேண்டுவதில்லை. பலருக்குக் குறைவது பணமன்று, உடன் வரும் ஒருவர் துணையே. ஊர்தோறும் ஆண்களில் ஒருவரும் பெண்களில் ஒருவரும், தனியே செல்லக் கூசுவோரை வைத்தியரிடம் அழைத்துச் செல்லவும், கேட்டதைப் பிறரறியாது காக்கவும் முன்வரல் வேண்டும். குலத்தவர் என்று ஒருவரையொருவர் அழைத்துக்கொள்வது பந்தியில் உடனிருந்து உண்பதற்கு மட்டுமன்று. இத்தகைய வேதனையில் உடன் நிற்பதற்குமே ஆம்.