புல்லட்டின் முன்கால்கள்

பழைய புல்லட் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கைப் பிரித்துச் சீராக்கும் வேலையை நான் ஒரு கலையாகவே மதிக்கிறேன். 1955-இல் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியாவின் திருவொற்றியூர் ஆலையிலிருந்து வந்த புல்லட்டுகள் பல இன்றும் ஓடுகின்றன. அவற்றின் என்ஜின் சத்தத்தை ரசிக்க ஆள் உண்டு; போர்க்கை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

போர்க்கின் ஒவ்வொரு காலிலும் ஒரு குழாய் இன்னொன்றுக்குள் ஏறி இறங்குகிறது. பள்ளத்தில் விழும் அடியை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். அது திரும்பத் துள்ளாமல் தடுப்பது, சிறு துளைகள் வழியே நெருக்கிப் பாயும் எண்ணெய். 1935-இல் இந்த எண்ணெய்த் தடுப்பை விற்பனை வண்டிகளில் கொண்டுவந்தது ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ.

எண்ணெய் கசிந்தால் ஆயில் சீலை மாற்றி அனுப்பிவிடுவது பல பட்டறைகளின் வழக்கம். சில மாதத்தில் மறுபடி கசியும். தேர்ந்த மெக்கானிக் முதலில் குழாயைத் துடைத்து, குரோம் பூச்சின் மேல் விரல் நகத்தை மெல்ல இழுத்துப் பார்ப்பார். நகம் எங்கே தட்டுகிறதோ அங்கே துரு அரித்த குழி இருக்கிறது. புது சீலின் உதட்டையும் அதுதான் கிழிக்கும். அப்படிப்பட்ட குழாய்க்கு ஹார்டு குரோம் ஏற்றி, கிரைண்டிங் பிடித்தாக வேண்டும். அடுத்து மெக்கானிக் குழாயைத் தடித்த கண்ணாடிமேல் உருட்டுவார். அடியில் வெளிச்சம் தெரிந்து தெரிந்து மறைந்தால் குழாய் வளைந்திருக்கிறது. மடிப்பு விழுந்த குழாயை நிமிர்த்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அது உயிர் சம்பந்தப்பட்டது.

பழைய புல்லட்டில் குழாயின் மேல்முனை, ஹெட்லைட்டைத் தாங்கும் அலுமினிய வார்ப்புக்குள் மரையில் ஏறுகிறது. அவசரப்பட்டு ஸ்பானரால் திருகினால் மரை போய்விடும், வார்ப்பே வீண். முதல் சுற்றுகளைக் கையால்தான் ஏற்ற வேண்டும்.

இரண்டு கால்களுக்கும் எண்ணெய் ஒரே அளவு. சக்கரத்தை மாட்டிய பின், பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை நான்கைந்து முறை அழுத்தி எழுப்பி, கால்கள் தாமாக நேர்கோட்டில் அமர்ந்ததும் அச்சின் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்குவார்கள். இதைச் செய்யாவிட்டால் புதுச் சாமான் போட்டும் போர்க் பிடித்துப் பிடித்துத்தான் இறங்கும்.

புல்லட் வைத்திருக்கும் நேயர்களே, கூலி பேசும்போது சீலின் விலையோடு ஒப்பிடாதீர்கள். குழாயைத் தடவி, உருட்டிப் பார்த்த நேரத்துக்கும் சேர்த்துக் கொடுங்கள்.