பள்ளிக்கூடம் யாருடையது?



அரசுப் பள்ளியைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், டீக்கடையில் குறைகள் கொட்டும். கழிப்பறையில் தண்ணீர் இல்லை. கணக்குக்கு ஆசிரியர் இல்லை. எட்டாவது படிக்கும் பையன் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். அத்தனையும் உண்மையாகவே இருக்கட்டும். அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழு கூடிய அன்று நாம் எங்கே இருந்தோம்?

அப்படியொரு குழு இருக்கிறதா என்று கேட்கிறீர்களா? 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவைப் பாருங்கள். பெற்றோர், ஆசிரியர், உள்ளாட்சிப் பிரதிநிதி ஆகியோர் சேர்ந்தது இந்தக் குழு. இதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். பள்ளி நடக்கும் விதத்தைக் கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வந்த பணம் எப்படிச் செலவானது என்று பார்ப்பது இதன் வேலை. அதாவது, அதிகாரிகளிடம் கெஞ்ச வேண்டிய இடத்தில் கேள்வி கேட்கும் உரிமையைச் சட்டமே நம் கையில் தந்திருக்கிறது!

வியாபாரிகளே! கடையில் ஒரு மூட்டை குறைந்தால் பேரேட்டைப் புரட்டாமல் தூங்குவீர்களா? அந்தக் கண்ணைப் பள்ளியின் வரவு செலவுக்கும் கொஞ்சம் கொடுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கசந்தாலும் பொறுத்துக் கொள்ளுங்கள். தாய்மார்களின் பெயரைப் பட்டியலில் சேர்த்துவிட்டு, கூட்டத்துக்குக் கணவர் போவது நியாயமா? பிள்ளை சாப்பிட்டதா, படித்ததா, அழுதுகொண்டு வந்ததா என்று அறிந்தவர் தாய். அவரைப் பேச விடுங்கள்.

நிரந்தர ஆசிரியரை நியமிக்கும் அதிகாரம் இந்தக் குழுவுக்கு இல்லைதான். ஆனால் காலியிடத்தைத் தீர்மானமாக எழுதி, கிராம சபையிலும் வைத்து, மேலே அனுப்பினால் அது டீக்கடைப் பேச்சாக இருக்காது. பதில் சொல்ல வேண்டிய ஆவணமாகிவிடும்.

இது நடக்கிற காரியமா என்று தயங்க வேண்டாம். பக்கத்துக் கேரளத்தில் 1996-இல் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுக்க முடிவெடுத்தார்கள். எது தேவை என்று கிராம சபைகளில் மக்களே உட்கார்ந்து பேசினார்கள்.

இளைஞர்களே! ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் நம் கிராமங்களில் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். எல்லாத் தெருவுக்கும் பொதுவான பள்ளிக்கூடம் அது. எல்லாத் தெருப் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு போங்கள். ஒரே ஒரு கோரிக்கையை எழுதிக் கொடுங்கள். அது நிறைவேறும் வரை விடாதீர்கள்.

நாம் உட்காராத நாற்காலி காலியாக இருக்காது. அதில் வேறு யாரோ உட்கார்ந்து, நம் பிள்ளைகளுக்காக முடிவெடுப்பார்கள். சிந்திப்பீர்!