விலை அறியும் உரிமை இறால் விவசாயிக்கும் உண்டு

(கடல் உணவு ஏற்றுமதி குறித்த கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



2024-25ஆம் நிதியாண்டில் இந்தியா 16.98 லட்சம் டன் கடல் உணவுப் பொருட்களை ஏற்றுமதி செய்தது. அதன் மதிப்பு 62,408 கோடி ரூபாய். இவ்வருவாயில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கை ஈட்டித் தந்தது உறைய வைக்கப்பட்ட இறால். இறால் உற்பத்தியில் முதலிடம் வகிப்பது ஆந்திரப் பிரதேசம். அதிகம் வாங்குவது அமெரிக்கா. பீமவரத்துக் குளக்கரையிலிருந்து இறால் கடல் கடந்து செல்கிறது. ஆனால், அங்கிருந்து வரும் விலைச் செய்தி ஏற்றுமதியாளரின் அலுவலகத்தோடு நின்றுவிடுகிறது.

இறால் 'கவுண்ட்' கணக்கில் விற்கப்படுகிறது. ஒரு கிலோவில் எத்தனை இறால் நிற்கிறது என்பதே கவுண்ட். எண்ணிக்கை குறைந்தால் விலை கூடும். அந்த விலையைச் சொல்பவர் வாங்குபவரே. இறக்குமதியாளரோடு என்ன விலைக்கு ஒப்பந்தம் ஆனது, குளிர்கிடங்கில் இருப்பு எவ்வளவு என்பதை விவசாயி அறியார். வளர்ந்த இறாலைக் குளத்திலேயே விட்டு வைக்கவும் அவரால் இயலாது. தீவனச் செலவு நாள்தோறும் ஏறும். வெள்ளைப்புள்ளி நோய் தாக்கினால் குளமே அழியும்.

2025 ஏப்ரல் 2 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் இந்தியப் பொருட்களுக்கு 26 சதவீத வரியை அறிவித்தார். அது நடைமுறைக்கு வருமுன்பே ஆந்திரத்தில் கொள்முதல் விலை குறைக்கப்பட்டது. ஏப்ரல் 9 அன்று அந்த வரி 90 நாட்களுக்கு நிறுத்தி வைக்கப்பட்டு, 10 சதவீதம் மட்டும் தொடர்ந்தது. ஆகஸ்ட் 27 முதல் வரி 50 சதவீதமானது. ஒவ்வொரு முறையும் குறைப்பு நியாயமானதா என்று சரிபார்க்க விவசாயியின் கையில் கணக்கு ஏதும் இல்லை.

செய்தி கிடைத்தால் என்ன நிகழும் என்பதற்குக் கேரளமே சான்று. 1997 ஜனவரி 14 அன்று வடகரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளின்றித் தவித்தனர்; அதே வேளையில் 15 கிலோமீட்டருக்குள் 27 வியாபாரிகள் மீனின்றி வெறுங்கையோடு திரும்பவிருந்தனர். பின்னர் கைபேசி வந்தது. கடலிலிருந்தே கரை விலையைக் கேட்டறிய முடிந்தது. மீனவரின் லாபம் சுமார் 8 சதவீதம் உயர்ந்தது. நுகர்வோர் கொடுத்த விலை சுமார் 4 சதவீதம் குறைந்தது என்கிறது பொருளாதார அறிஞர் ராபர்ட் ஜென்சனின் ஆய்வு.

எனினும், செய்தி மட்டும் போதாது தோழர்களே. தீவனத்தைக் கடனுக்கு வாங்கியவர், கடன் கொடுத்தவர் சொல்லும் இடத்தில்தான் விற்க வேண்டியிருக்கிறது. வேறிடத்தில் விலை அதிகம் என்று அறிந்தும் அவரால் அங்கே செல்ல முடிவதில்லை. ஆகவே தகவல் உரிமையும் கடன் உரிமையும் பிரிக்க முடியாதவை.

விலைத் தகவல் திரட்டப் பொது அமைப்புகள் இல்லாமல் இல்லை. 1972இல் தோன்றிய கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் கொச்சியில் இயங்குகிறது. கோலாலம்பூரில் உள்ள 'இன்ஃபோஃபிஷ்' என்னும் அரசுகளுக்கிடையிலான அமைப்பில் இந்தியாவும் உறுப்பு நாடு. மக்கள் பணத்தில் திரட்டப்படும் தகவல், மக்கள் மொழியில் குளக்கரையை எட்ட வேண்டும்.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை: கவுண்ட் வாரியான ஏற்றுமதி விலையையும் கொள்முதல் விலையையும் ஒன்றிய அரசு நாள்தோறும் தெலுங்கு, ஒடியா, வங்காளம், தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வெளியிட வேண்டும், குளிர்கிடங்கு இருப்பை அறிவிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும், கூட்டுறவு வழியே தீவனக் கடன் வழங்க வேண்டும், விலை நிர்ணயக் குழுவில் விவசாயிகளின் பிரதிநிதிகள் இடம்பெற வேண்டும். இவற்றை ஒவ்வொரு குளக்கரைக்கும் கொண்டு சேர்ப்பது இயக்கத்தின் உடனடிக் கடமை.