அளந்து வார்க்கும் நீரே உயிர் காக்கும்

(கமக்காரர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



நாம் வைத்தியம் பயின்றோர் அல்லோம், சட்டம் பயின்றோர். ஆயினும், 2017 ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோய் கண்டு, 440 பேர் மாண்டனர் என்ற கணக்கை அறிந்த பின்னர், இது வைத்தியர்க்கே உரிய விடயமென ஒதுக்கிவிட எம்மால் இயலவில்லை.

டெங்குக் காய்ச்சல் தணியும் வேளையிலேதான் ஆபத்துத் தலைகாட்டுகிறது. மூன்றாம் நாளுக்குப் பின் காய்ச்சல் விடுகிறது, வீட்டார் மகிழ்கின்றனர். சிலருக்கோ அவ்வேளையிலேயே குருதியின் நீர்ப்பகுதி நுண்ணிய குழாய்களினின்றும் நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் கசிகிறது. கைகால் குளிர்கின்றன; சிறுநீர் குறைகிறது; இரத்த அமுக்கத்தின் மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் உள்ள இடைவெளி 20 ஆகச் சுருங்குகிறது. இதுவே அதிர்ச்சி நிலை. நோயாளரோ தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார்! அத்தெளிவை நம்பி ஏமாந்தோர் பலர்.

அப்படியாயின் சேலைனை வேண்டியமட்டும் ஏற்றினால் போதாதா என்பீர்கள். போதாது. நாற்றுமேடைக்கு நீர் பாய்ச்சும் உங்களுக்கு நாம் சொல்லவும் வேண்டுமா? நீர் குறைந்தால் நாற்றுக் கருகும், மிகுந்தால் அழுகும். 50 கிலோ நிறையுடையவருக்கு, கசிவு நேரும் 48 மணி நேரத்துக்கும், பருகுவதும் ஏற்றுவதும் சேர்த்து 4,600 மில்லிலீற்றர் என்பதே நம் நாட்டு வைத்தியர் கைக்கொள்ளும் கணக்கு. அதிர்ச்சி கண்டால் விரைந்து ஏற்றுவர். மீண்டதும் படிப்படியாகக் குறைப்பர். கசிவு நின்றதும் வெளியேறிய நீர் குருதிக்கே திரும்பும். அளவு மீறி ஏற்றியிருந்தால், அது நுரையீரலில் தேங்கி மூச்சை அடைக்கும்.

ஆகவே மணிதோறும் நாடியையும் அமுக்கத்தையும் சிறுநீர் அளவையும் குறிக்கும் தாளே இங்கு சாட்சி. சாட்சியின்றித் தீர்ப்பு இல்லை. அதனைக் குறிக்கப் போதிய தாதியரும், குருதியின் செறிவை இரவிலும் சோதிக்கும் வசதியும் கிராமப்புற வைத்தியசாலைகளில் இருத்தல் வேண்டும். இது நாம் யாசிக்கும் பிச்சையன்று; வரி செலுத்தும் மக்களின் உரிமை.

நமக்கும் கடமை உண்டு. காய்ச்சலுக்கு அஸ்பிரினும் ஐபுப்ரோபெனும் கொடாதிருப்போம். மூன்றாம் நாள் குருதியைச் சோதிப்பிப்போம். காய்ச்சல் விட்ட பின்னர் வாந்தி, வயிற்றுநோ, மிகுந்த சோர்வு காணின், பொழுது விடியட்டும் என்று காத்திராது அன்றிரவே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வோம்.