இல்லத் திரைக்கு ஒரு சிறு கணிப்பொறி



2012இல் நானும் என் மகனும் உறுப்பு உறுப்பாக வாங்கிப் பூட்டிய கணிப்பொறியே எங்கள் தொலைக்காட்சிக்குத் துணையாக நின்றது. அண்மைக் காலத்துக் கச்சேரிப் படங்களை ஓட்டினால், அதன் விசிறி இரைந்து வீணையின் கமகங்களை விழுங்கிவிடும். காரணம் இதுதான்: அப்படங்களைச் சுருக்கும் ஹெச்.265 முறை 2013இல் வகுக்கப்பெற்றது. அதனை விரிக்கும் தனியுறுப்பு அப்பொறியில் இல்லை. மையச் செயலியே முழுச் சுமையையும் தாங்கி வெம்மையுற்றது.

ஆதலின், ஆயத்தமாகவே விற்கப்படும் கையடக்கப் பொறியை நாடினேன். கடையில் முதலில் வினவியது விலையை அன்று. 2018இல் வெளிவந்த ஏவி1 முறையையும் விரிக்கும் உறுப்பு உண்டா என்பதையே. நினைவகத்தைப் பின்னர்ப் பெருக்க இயலுமா என்றும் கேட்டேன். சிலவற்றில் அது பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும்.

இப்போது வீணை தெளிவாகக் கேட்கிறது. பழைய பெட்டியை விற்க மட்டும் மனம் வரவில்லை. அதன் திருகுகளை முடுக்கிய மகன் இன்று வெளியூரில் இருக்கிறான்.